16 லட்சத்துக்கு வாங்கிய 55 லட்சக் கார்: 44 மாதக் கணக்கு

2024 ஆகஸ்டில் என் மைத்துனர் ஒரு மதிப்பீட்டுத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவருடைய பழைய சொகுசுக் காரின் இடதுபக்க முகப்பு விளக்கின் கண்ணாடிக்குள் நீராவி புகுந்து படிந்துவிட்டது. அதைப் பிரித்துச் சரிசெய்ய வழியில்லை, முழுதாக மாற்ற வேண்டும் என்று நிறுவனத்தின் சேவை மையத்தில் சொல்லியிருந்தார்கள். விலை 1,48,000 ரூபாய். அன்று அந்தக் காரை விற்கப் போனால் 10 லட்சம் கிடைத்திருக்கலாம். அதாவது ஒரு கண் மட்டும் உடம்பின் ஏழில் ஒரு பங்கு. அதே விளக்கை அந்தக் கார் புதிதாக இருந்தபோது கொடுத்த 55 லட்சத்தோடு ஒப்பிட்டால் 37இல் ஒரு பங்குதான்.

பழைய சொகுசுக் காரின் பொருளாதாரம் முழுவதும் இந்த இரண்டு பின்னங்களுக்கு நடுவில் இருக்கிறது. காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை, ஏறுகிறது. வாங்குகிறவர் 16 லட்சக் காரை வாங்கியதாக நினைத்துக்கொள்கிறார், ஆனால் அவர் பராமரிக்க வேண்டியிருப்பது 55 லட்சக் காரை.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வாகனம். மைத்துனர் கட்டட ஒப்பந்ததாரர். அவருடைய வரவுசெலவுக் கணக்கை நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அதனால் 2022 பிப்ரவரியில் காரை வாங்கியதிலிருந்து 2025 அக்டோபரில் விற்றதுவரை ஒவ்வொரு ரசீதும் என்னிடம் வந்தது. காரின் நிறுவனப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஜெர்மனியின் மூன்று பெரிய சொகுசு நிறுவனங்களில் எதை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாலும் கணக்கு பெரிதாக மாறாது என்பது என் எண்ணம். 2014ஆம் ஆண்டு மாடல், 2 லிட்டர் டீசல், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், நடுத்தர அளவு செடான் என்ற அளவே போதும்.

வாங்கிய விதம்

காரணம் அந்தஸ்து அல்ல என்று அவர் சொன்னார். முழுக்க அல்ல என்று நான் திருத்திக்கொண்டேன். அவருடைய தாயாருக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை நடந்திருந்தது. மாதத்தில் ஒன்றிரண்டு முறை மடிப்பாக்கத்திலிருந்து கும்பகோணம் போய்வர வேண்டும். முன்பிருந்த சிறிய காரில் விக்கிரவாண்டியைத் தாண்டுவதற்குள் அந்த அம்மாள் இரண்டு முறை இறங்கி நடந்துவிட்டுத்தான் மீண்டும் ஏறுவார். கையில் 16 லட்சம் இருந்தது. அந்தப் பணத்துக்குப் புதிதாக ஒரு நல்ல நடுத்தர செடான் வாங்கலாம், அல்லது எட்டு வயதான ஜெர்மன் கார் ஒன்றை வாங்கலாம்.

முதலில் அவர் கண்ணில் பட்டது தில்லிப் பதிவு கொண்ட ஒரு கார், விலை 12.5 லட்சம். தில்லியிலும் சுற்றுப்பகுதியிலும் பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டதும், 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும், அங்குள்ள எட்டு, ஒன்பது வயது டீசல் கார்கள் மலிவாகத் தெற்கே வரத் தொடங்கியதற்குப் பெரிய காரணங்கள். ஆனால் வேற்று மாநிலக் கார் இங்கே பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்கினால் புதிய பதிவு எண் வாங்கியே ஆக வேண்டும். அதற்குத் தடையில்லாச் சான்றும் வேண்டும், காரின் வயதுக்கேற்ப இங்கே வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். வரி, போக்குவரத்து, இடைத்தரகர் என்று எல்லாவற்றையும் கூட்டியபோது விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துபோனது. மிச்சத்துக்காகச் சேவை வரலாறே இல்லாத ஒரு காரை வாங்குவதா என்று கேட்டேன், விட்டுவிட்டார்.

கடைசியில் சென்னைப் பதிவுள்ள ஒரு காரை, 71,400 கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில், 16.75 லட்சத்திலிருந்து பேசி 16 லட்சத்துக்கு முடித்தார். முதல் உரிமையாளர் கட்டிய வாழ்நாள் வரி காரோடு சேர்ந்தே வந்தது. இது சிறிய தொகை அல்ல. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு வாழ்நாள் வரி 20 விழுக்காடு. 68 லட்ச ரூபாய்க் காருக்கு 13.6 லட்சம் வரியாகவே போய்விடுகிறது. இந்தத் தொகையின் சுமை முதல் ஆளோடு முடிகிறது. பழைய சொகுசுக் காரின் உண்மையான மலிவு எங்கே இருக்கிறது என்று கேட்டால், இங்கேதான் என்பேன்.

வாங்குவதற்கு முன் 7,000 ரூபாய் கட்டி ஒரு நாள் முழுக்கச் சோதிக்க வைத்தோம். கணினியில் ஸ்கேன் செய்தபோது பெரிய பிழை எதுவும் வரவில்லை. ஓடிய தூரம் பழைய சேவை ரசீதுகளோடு ஒத்துப்போனது. இதைப் பார்க்காமல் பழைய கார் வாங்குவது, அளக்காமல் மனை வாங்குவதைப் போன்றது. ஒன்று மட்டும் தெரிந்தது: கியர்பாக்ஸ் எண்ணெயை எட்டு ஆண்டுகளில் யாரும் மாற்றியதே இல்லை.

முதல் இரண்டு மாதங்கள்

அந்தக் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு ஒரு கதை உண்டு. கார் நிறுவனங்கள் அதை ‘ஆயுள் முழுமைக்கும் போதும்’ என்று சொல்லி விற்கின்றன. கியர்பாக்ஸைச் செய்து அந்த நிறுவனங்களுக்கு விற்கும் ஜெர்மானியத் தயாரிப்பாளரோ, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றுங்கள் என்று பரிந்துரைக்கிறார். யாருடைய ஆயுளைச் சொல்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. முதல் உரிமையாளர் காரை வைத்திருக்கும் ஐந்து, ஆறு ஆண்டுகளுக்கு அந்த எண்ணெய் தாராளமாகப் போதும். மூன்றாவது ஆள் கையில் கார் வரும்போது அது கறுத்துப்போயிருக்கும்.

கிண்டிப் பக்கம் சொந்தமாக ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் இந்த வேலையைச் செய்தார். முன்பு நிறுவன சேவை மையம் ஒன்றில் பல ஆண்டுகள் இருந்தவர். கியர்பாக்ஸின் அடிச்சட்டி பிளாஸ்டிக்கால் ஆனது, வடிகட்டி அதனுள்ளேயே பொருத்தப்பட்டது, ஆகவே வடிகட்டியை மாற்ற வேண்டுமானால் சட்டியையே மாற்ற வேண்டும். எண்ணெயைக் குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்த்து நிரப்ப வேண்டும். அவர் கழற்றிய பழைய சட்டியைத் தட்டில் வைத்துக் காட்டினார். சேகரிப்புக் காந்தங்களில் கரிய பசை மாதிரி இரும்புத் துகள் ஒட்டியிருந்தது.

“சார், இது நல்ல செய்திதான். பொடியா இருக்கு, துண்டா இல்ல. துண்டா இருந்திருந்தா இந்த வண்டியை அன்னைக்கே வித்துடுங்கன்னு சொல்லியிருப்பேன்,” என்றார்.

அதற்கு 38,000, முன்பக்க பிரேக் தட்டுகளுக்கும் பட்டைகளுக்கும் 46,000, பேட்டரிக்கு 24,000, இன்ஜின் எண்ணெய், வடிகட்டிகளுக்கு 21,000, குளிர்சாதனம் உள்ளிட்ட சில்லறை வேலைகளுக்கு 13,000. இரண்டு மாதங்களில் 1,42,000 ரூபாய், ஒன்றுகூடப் பழுது அல்ல. யாரோ தள்ளிப்போட்டதை இவர் கட்டினார், அவ்வளவே. விலை பேசும்போது இந்தத் தொகையை மனத்தில் சேர்த்துக்கொள்ளாதவர்கள்தான் மூன்றாம் மாதத்தில் ஏமாந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

சாலையும் ரப்பரும்

விக்கிரவாண்டி–கும்பகோணம் சாலையில் அப்போது அகலப்படுத்தும் பணி நடந்துகொண்டிருந்தது. பாதி தூரம் மாற்றுப் பாதை, ஜல்லி, திடீர்ப் பள்ளம். ஜெர்மனியின் நெடுஞ்சாலைக்காக வடிவமைத்த 18 அங்குலச் சக்கரமும், காற்று இறங்கினாலும் ஓடும் கடினப் பக்கச்சுவர் டயரும் இந்தச் சாலையை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் இரண்டு டயர்களின் பக்கவாட்டில் கொப்புளம் கிளம்பியது. மற்ற இரண்டும் வயதானவையே என்பதால் நான்கையும் மாற்றினார்: 84,000.

மறு ஆண்டு ஜூனில் வேகத்தடைகளில் முன்பக்கம் ‘தொக்கு தொக்கு’ என்று தட்டத் தொடங்கியது. கன்ட்ரோல் ஆர்ம்களிலுள்ள ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தன. இந்த வகைக் காரில் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் ஒன்றுக்கு மேற்பட்ட அலுமினியக் கைகள் பிடித்திருக்கும். அந்த மென்மையான ஓட்டமும், வளைவில் நிலைகுலையாத திருப்பமும் அவற்றால் வருவதுதான். விலையும் அவற்றால்தான். சேவை மையம் தந்த மதிப்பீடு 1,35,000. கிண்டி மெக்கானிக் அதே வேலையை 68,000இல் முடித்தார், போலிப் பாகம் போட்டு அல்ல. கார் நிறுவனத்தின் முத்திரைப் பெட்டியில் வரும் பாகங்களில் பலவற்றைச் செய்வது லெம்ஃபோர்டர், மாலே, ஹெல்லா, பாஷ் போன்ற நிறுவனங்கள். அதே பாகம் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் வந்தால் விலை கணிசமாகக் குறையும். பாக எண்ணைத் தெரிந்துகொண்டு, ஜி.பி. ரோட்டில் இரண்டு கடை ஏறி இறங்கப் பொறுமையுள்ள ஒரு மெக்கானிக் கிடைத்தால் மட்டுமே பழைய சொகுசுக் கார் என்ற பேச்சுக்கே இடம் உண்டு. அவரில்லாமல் எல்லா வேலையையும் சேவை மையத்திலேயே செய்திருந்தால், மொத்தத்தில் குறைந்தது 3 லட்சமாவது கூடியிருக்கும் என்று கணக்கிட்டேன்.

2023 செப்டம்பரில் திண்டிவனம் அருகே, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்கான எச்சரிக்கை எரிந்தது. இன்ஜினின் வெப்பத்தில் ஒன்பது ஆண்டுகள் வெந்த ஒரு பிளாஸ்டிக் குழாய் முனை, பிஸ்கட் போல உடைந்திருந்தது. அம்மாளை வாடகைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, ரெக்கவரி வண்டிக்கு 9,500 கொடுத்துச் சென்னைக்குத் திரும்பினார். குழாய், தெர்மோஸ்டாட், நீர் பம்ப் எல்லாமாக 41,000. எச்சரிக்கை வந்ததும் ஓரம் கட்டியதால் அந்த அளவோடு போயிற்று. ‘அடுத்த ஊர்வரை போய்விடலாம்’ என்று ஓட்டியிருந்தால் சிலிண்டர் தலை வளைந்திருக்கும்.

டிசம்பர் 4

மிக்ஜாம் புயலின் மழையில் 2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவு மடிப்பாக்கத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. காலையில் பார்த்தபோது வாசலில் நின்ற காரின் கதவு அடிவிளிம்பைத் தண்ணீர் தாண்டியிருந்தது. தொலைபேசியில் மைத்துனர் கேட்டது ஒன்றே ஒன்று: “அத்தான், ஸ்டார்ட் பண்ணி மேடான இடத்துக்குக் கொண்டுபோயிடட்டுமா?”

தொடவே வேண்டாம் என்றேன். இந்த வழக்கில் என்னால் ஆன மிகப் பெரிய உதவி அந்த ஒரு சொல்தான். காற்றை இழுக்கும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், காற்றைப் போல அது அமுங்காது. மேலேறும் பிஸ்டன் அதில் மோதி இணைப்புத் தண்டு வளையும். இன்ஜின் போயிற்று. சாதாரண முழுக் காப்பீட்டில் இந்தச் சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. அதற்கென்று தனியாக இன்ஜின் பாதுகாப்பு இணைப்பு வாங்கியிருக்க வேண்டும். ஒன்பது வயதான காருக்கு அந்த இணைப்பைத் தரக் காப்பீட்டு நிறுவனம் மறுத்திருந்தது. நிற்கும் காரில் தண்ணீர் புகுந்தால் அது வெள்ளச் சேதம், காப்பீடு உண்டு. பொத்தானை அழுத்திய பிறகு நேர்ந்தால் கதை வேறு.

தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது. கம்பளத்தைத் தூக்கினால் கீழே உள்ள நுரைப் படுகை பஞ்சு போலத் தண்ணீர் குடித்திருந்தது. இந்த வகைக் கார்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் சில, இருக்கைக்கு அடியிலும் டிக்கியின் பள்ளத்திலும் இருக்கும். பனி பெய்யும் நாட்டில் அது பாதுகாப்பான இடம், மடிப்பாக்கத்தில் அல்ல. இரண்டு பெட்டிகள் செத்துவிட்டன. மொத்த ரசீது 2,62,000.

காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது சரியாகப் பாதி, 1,31,000. இதில் அநியாயம் எதுவும் இல்லை, விதியே அப்படி. ஐந்து ஆண்டுகளைக் கடந்து பத்துக்குள் இருக்கும் வாகனத்தின் உலோகப் பாகங்களில் 40 விழுக்காடும், ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி போன்றவற்றில் 50 விழுக்காடும் தேய்மானமாகக் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காத காப்பீடு புதிய கார்களுக்குத்தான் எளிதாகக் கிடைக்கும். கூடவே, கோரிக்கை வைத்ததால் மறு ஆண்டு பிரீமியத்தில் சலுகையும் போயிற்று.

இதைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று இன்னும் பலருக்குத் தெரிவதில்லை. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பின் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தக் கார் முழு இழப்பு என்று முடிவுசெய்யப்படும். காப்பீட்டு மதிப்பு 8 லட்சமாக இருக்கும் சொகுசுக் காருக்கு அந்த எல்லை 6 லட்சம். இரண்டு முகப்பு விளக்கு, ரேடியேட்டர், பானட், இரண்டு காற்றுப்பை என்று கூட்டிப் பார்த்தால், உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்புகூட ஏற்படாத ஒரு மோதலிலேயே அந்த எல்லை வந்துவிடும். ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லாத கார், காகிதத்தில் செத்துப்போகும். அப்படிச் செத்த கார்கள் புதுப்பேட்டைக்குப் போய்ப் பிரிந்து, இதே மாதிரி இன்னொரு காரை உயிரோடு வைத்திருக்கும்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாகக் கார்கள் நின்ற படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் இதுவும் ஒன்று.

விளக்கு என்ன ஆயிற்று

தொடக்கத்தில் சொன்ன விளக்கைப் புதுப்பேட்டையில் தேடினோம், வலதுபக்கம்தான் இருந்தது. கடைசியில் மெக்கானிக், தில்லி கஷ்மீரி கேட்டில் தனக்குத் தெரிந்த கடையிலிருந்து, மோதலில் ஒதுக்கிய ஒரு காரின் இடதுபக்க விளக்கை 42,000க்கு வரவழைத்தார். பொருத்தினால் மட்டும் எரியாது. காரின் கணினி அந்த விளக்கைத் தன்னுடையது என்று ஏற்க வேண்டும். அந்தக் கோடிங் வேலைக்கு 6,000. ஆக 48,000. நிறுவன விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடிந்தது என்று மைத்துனர் மகிழ்ந்தார். ஒரு விளக்குக்கு 48,000 கொடுத்துவிட்டு மகிழ்கிற நிலைக்கு மனிதரைக் கொண்டுவருவது இந்தக் கார்களின் தனித்திறமை.

இவை தவிர, இன்ஜினுக்குள் காற்றை இழுக்கும் குழாயில் படிந்த கரியைச் சுத்தம் செய்ய 34,000, மூன்று ஆண்டுச் சேவைகளுக்கு 72,000, கண்ணாடி ஏற்றும் மோட்டார், சென்சார் போன்ற சில்லறைகளுக்கு 47,000.

கூட்டல்

44 மாதங்கள், 43,500 கிலோமீட்டர்:

வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான இழப்பு: 7,60,000
சோதனை, பெயர் மாற்றம்: 25,000
பராமரிப்பும் பழுதும்: 6,76,500
நான்கு ஆண்டுக் காப்பீடு: 1,72,000
டீசல், லிட்டருக்கு 13 கிலோமீட்டர் என்ற அளவில்: 3,13,000
மொத்தம்: 19,46,500

கிலோமீட்டருக்கு 44 ரூபாய் 75 காசு. பராமரிப்பை மட்டும் எடுத்தால், வாங்கிய விலையில் ஆண்டுக்கு 11.5 விழுக்காடு. கேட்கவே பயமாக இருக்கிறது. அதே தொகை, காரின் புது விலையான 55 லட்சத்தில் ஆண்டுக்கு 3.4 விழுக்காடுகூட இல்லை. அந்த வகுப்புக் காருக்கு அது இயல்பான செலவு. இரண்டு எண்களும் உண்மை. எது தன்னுடைய எண் என்பதை வாங்குகிறவரின் வங்கிக் கணக்கு முடிவுசெய்கிறது.

சராசரி இங்கே பெரிதும் ஏமாற்றும். பராமரிப்புச் செலவு மாதத்துக்கு 15,375 ரூபாய் என்று வகுத்துச் சொல்லலாம்; ஆனால் ஒரு மாதத்திலும் அப்படி வரவில்லை. 6,76,500இல் 5,23,500 ஆறே நிகழ்வுகளில் போயிருக்கிறது. நடுவில் எட்டு மாதங்கள் டீசலைத் தவிர எதுவும் கேட்காமல் அந்தக் கார் ஓடியதும் உண்டு. மாதத் தவணை கட்டிப் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கின்மைதான் தாங்க முடியாதது. மைத்துனர் வாங்கிய வாரமே 3 லட்சத்தை வங்கியில் வைப்பாகப் போட்டு, ‘வண்டிக்கு’ என்று எழுதி வைத்துவிட்டார். அவர் செய்த வேலைகளில் மிகவும் புத்திசாலித்தனமானது அது.

எதோடு ஒப்பிடுவது

2022 மார்ச்சில் என் அலுவலகத்திலுள்ள ஒருவர் ஏறக்குறைய அதே 16 லட்சத்துக்குப் புதிய பெட்ரோல் செடான் வாங்கினார். அவருடைய ரசீதுகளையும் கேட்டு வாங்கினேன். 2025 அக்டோபரில் அந்தக் காருக்கு 10 லட்சம் தர ஆள் இருந்தது. இழப்பு 6 லட்சம். பராமரிப்பு 75,000, காப்பீடு 1,60,000, அதே 43,500 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 15 என்று பெட்ரோல் 2,93,000. மொத்தம் 11,28,000, கிலோமீட்டருக்கு 26 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இரண்டிலும் முதலீடு ஒன்றே என்பதால் வட்டி இழப்பை இரு பக்கமும் விட்டுவிட்டேன்.

வித்தியாசம் 8,18,500, மாதத்துக்கு 18,600. எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். எரிபொருளில் வெறும் 20,000, காப்பீட்டில் 12,000, சுங்கச்சாவடியில் எல்லாக் காருக்கும் ஒரே கட்டணம். பராமரிப்பில் மட்டும் 6 லட்சம். சொகுசுக் கார் எண்ணெய் குடிக்கும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். குடிப்பது எண்ணெயை அல்ல.

இதே வகுப்பில் புதிய காரோடு ஒப்பிட்டால் படம் தலைகீழாகும். 2022இல் சாலைக்கு வரும்போது ஏறக்குறைய 80 லட்சம் ஆகியிருக்கும் கார், 44 மாதம் கழித்து 45 லட்சத்துக்குப் போகும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், இழப்பு மட்டும் மாதத்துக்கு 79,500. அதோடு ஒப்பிட்டால் மைத்துனர் கொள்ளை லாபம் அடித்திருக்கிறார்.

விற்பனையாளர்கள் காட்டுவது எப்போதும் இந்த இரண்டாவது ஒப்பீட்டைத்தான். அது கணக்கில் சரி. ஆளைப் பொறுத்துத் தவறு. 80 லட்சக் காரை வாங்க நினைத்து, வேண்டாமென்று எட்டு வயதுக் காரை எடுத்தவருக்கு அது பொருந்தும். 16 லட்சம் மட்டுமே உள்ளவர் உண்மையில் கைவிட்டது 16 லட்சப் புதிய காரை. அவருடைய கேள்வி, இந்த இருக்கையும் அமைதியும் ஓட்டமும் எனக்கு மாதம் 18,600 பெறுமா என்பது மட்டுமே.

மைத்துனருக்குப் பெறும் என்றே நான் மதிப்பிட்டேன். மூன்றே முக்கால் ஆண்டுகளில் அம்மாளின் கும்பகோணப் பயணங்களில் நடுவில் இறங்கி நடக்க வேண்டிய தேவை வந்தது, திண்டிவனத்தில் குழாய் உடைந்த அன்று மட்டும்தான். ஆனால் அவருக்கு இரண்டாவதாக ஒரு பழைய கார் வீட்டில் இருந்தது. கிண்டியில் ஒரு நல்ல மெக்கானிக் இருந்தார். வங்கியில் அந்த 3 லட்சம் இருந்தது. கியர்பாக்ஸின் மின்னணுப் பகுதி, இன்ஜெக்டர்கள் போன்ற, ஒரே ரசீதில் 3 லட்சத்தை விழுங்கக்கூடிய எதுவும் கெடவில்லை. கடைசியாகச் சொன்னது அதிர்ஷ்டம். அதற்கு எண் போட முடியாது. இவற்றில் முதல் மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் புதிய செடானை வாங்கச் சொல்லியிருப்பேன். நாளும் பத்து கிலோமீட்டர் அலுவலகம் போய்வர மட்டும் கார் வேண்டும் என்பவருக்கு, பழைய டீசல் சொகுசுக் காரை எந்த விலையிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணக்கில் எழுத இடமில்லாத செலவு ஒன்றும் இருக்கிறது. காரை வாங்கிய பிறகு, கம்பிக் கடை முதல் குழாய் வேலைக்காரர்வரை அவரிடம் விலை ஏற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். பேரம் பேசப் போகும் நாட்களில் பைக்கில் போகப் பழகிக்கொண்டார்.

விற்றது

2025 ஆகஸ்டு வாக்கில் காலையில் முதல் முறை இன்ஜினைக் கிளப்பும்போது இரண்டு விநாடி ஒரு கரகரப்பு கேட்டது. மெக்கானிக் காது வைத்துக் கேட்டுவிட்டு, டைமிங் செயின் (இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயங்கவைக்கும் சங்கிலி) தளர ஆரம்பித்திருக்கிறது, இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடலாம், ஓடாமலும் போகலாம் என்றார். செயின் இன்ஜினின் பின்பக்கம் இருப்பதால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கித்தான் மாற்ற வேண்டும். அவர் சொன்ன தொகை 1,60,000 முதல் 1,80,000 வரை. கேட்காத ஒருவரிடம் அந்த ஒலியைப் பற்றிச் சொல்லாமல் விற்றுவிடலாம் என்ற யோசனையை இடைத்தரகர் கொடுத்தார். நண்பகலில், இன்ஜின் சூடான பிறகு காட்டினால் ஒலியே வராது.

அதே நேரத்தில் சந்தையும் இறங்கியது. செப்டம்பர் 22 முதல் பெரிய கார்கள்மீது வரியும் மேல்வரியுமாக 48 முதல் 50 விழுக்காடுவரை இருந்த சுமை, 40 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஆனது. புதிய காரின் விலை குறைந்தால் பழையதன் விலையும் அதன் பின்னால் இறங்கும். உதிரிபாகங்களின் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 ஆனது நல்ல செய்திதான். ஆனால் மைத்துனரின் ரசீதுகள் அநேகமாக அனைத்தும் பழைய விகிதத்தில் கட்டியவை.

அக்டோபரில் திருச்சியிலிருந்து வந்த ஓர் இளைஞர் 9,60,000 பேசினார். மைத்துனர் அவரை மறுநாள் காலை ஆறரை மணிக்கு வரச் சொல்லி, இரவெல்லாம் குளிர்ந்து நின்ற காரை அவர் கையாலேயே கிளப்ப வைத்தார். கரகரப்பு கேட்டது. 1,20,000 குறைத்து, 8,40,000க்கு முடிந்தது. இழப்புக் கணக்கில் உள்ள 7,60,000இல் அந்த இரண்டு விநாடியும் அடக்கம்.

காரோடு என்னிடமிருந்த ரசீதுக் கோப்பையும் வேண்டும் என்று அவர் கேட்டார். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைக் கொடுத்துவிட்டேன். நவம்பரில் தொலைபேசியில் பேசினார். செயினை மாற்றிவிட்டாராம், அதே கிண்டி ஷெட்டில், 1,72,000க்கு. கியர்பாக்ஸ் எண்ணெயை மறுபடி எப்போது மாற்றுவது என்று கேட்டார்.